மும்பை யூதர்களில் முக்கியமானவர்கள் என்றால் சசூன் குடும்பம் மட்டும்தானா?

கேள்வி இதுதான்: மும்பையில் சசூன் டாக் என்ற கப்பல்துறை, டேவிட் சசூன் நூலகம் என்று எங்கே திரும்பினாலும் ஒரே குடும்பத்தின் பெயர். அந்த ஊர் யூதர்களில் சொல்லிக்கொள்ளும்படி வேறு யாரும் இல்லையா?

நிறையப் பேர் இருக்கிறார்கள். கட்டடத்தின் மேல் பெயர் பொறித்தவர்களை மட்டும் கணக்கெடுத்தால் மும்பை யூதர்களின் வரலாற்றில் பாதிகூடக் கையில் வராது. அந்த ஊரில் இருந்தது ஒரு யூத சமூகம் அல்ல, இரண்டு. ஒன்று கொங்கணக் கரையிலிருந்து வந்த பெனே இஸ்ரேல். வீட்டில் மராத்தி பேசுகிறவர்கள், பட்டாளத்திலும் ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை பார்த்தவர்கள். இன்னொன்று பாக்தாத், பஸ்ரா பக்கத்திலிருந்து வந்த பாக்தாதி யூதர்கள். அரபு பேசியவர்கள், பெரும்பாலும் வியாபாரிகள். சசூன்கள் இந்த இரண்டாவது வகை. எண்ணிக்கையில் எப்போதும் பெரும்பான்மை பெனே இஸ்ரேல்தான். நினைவில் நிற்பது மற்றவர்கள். பணம் செய்கிற வேலை அது.

முதலில் வந்தவர்களிடமிருந்தே தொடங்கலாம். தங்கள் முன்னோர் வந்த கப்பல் அலிபாக் அருகே நவ்காவ் கரையில் உடைந்தது, தப்பியவர்களின் வழியில் வந்தவர்கள் நாங்கள் என்பது பெனே இஸ்ரேல் மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. கொங்கணக் கிராமங்களில் செக்கு ஆட்டி எண்ணெய் எடுத்துப் பிழைத்தார்கள். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. அதனால் ஊர்க்காரர்கள் 'சனிவார் தேலி' என்றார்கள், அதாவது சனிக்கிழமை ஓய்வெடுக்கும் வாணியர். கேஹிம்கர், ராஜ்பூர்கர், திவேகர் என்று அவர்கள் பெயர்களின் பின்னால் வருவதெல்லாம் அந்தக் கிராமங்கள்தான். 18-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பம்பாய்க்குக் குடிபெயர ஆரம்பித்தார்கள்.

அப்படி வந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் சாமுவேல் எசக்கியேல் திவேகர். ஊர்க்காரர்களுக்கு அவர் சாமாஜி ஹசாஜி. கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்தில் அதிகாரியாக இருந்தவர். மைசூர்ப் போரில் திப்புவின் ஆட்களிடம் சிறைப்பட்டார். இவர்கள் இஸ்ரவேல் மக்கள் என்று தெரிந்ததும், குர்ஆனில் பேசப்படும் கூட்டம் இது என்று திப்புவின் தாயார் உயிர்ப்பிச்சை வாங்கிக் கொடுத்தார் என்று சமூகத்தில் ஒரு கதை உண்டு. உயிரோடு திரும்பினால் ஜெப ஆலயம் கட்டுவதாக நேர்ந்துகொண்டவர், 1796-இல் மாண்ட்வி பகுதியில் கட்டினார். பம்பாயின் முதல் ஜெப ஆலயம் அதுதான். 'ஷார் ஹாராஹமிம்', கருணையின் வாசல் என்று பெயர். ஊர் வழக்கில் அது 'ஜூனி மஸ்ஜித்'. புறநகர் ரயிலில் தினமும் லட்சக்கணக்கானவர்கள் கடந்துபோகும் மஸ்ஜித் நிலையத்துக்குப் பெயர் வந்தது இந்த யூத ஆலயத்தால்தான் என்று பரவலாகச் சொல்வார்கள். ஆலயம் நிற்கும் தெருவும் சாமுவேல் தெருதான்.

ஆலயம் கட்டினால் போதுமா, யூத வேதமான தோராவை எழுதிய சுருள் வேண்டாமா? அதைத் தேடித்தான் அவர் கொச்சிக்குப் போனார், 1797-இல் அங்கேயே இறந்தார். கொச்சிக்கும் பம்பாய்க்கும் இருந்த இந்தத் தொடர்பு முக்கியமானது. எபிரேயம் தெரியாமல், சனிக்கிழமை ஓய்வையும் விருத்தசேதனத்தையும் சில உணவு விலக்குகளையும் மட்டும் விடாமல் காப்பாற்றி வந்த பெனே இஸ்ரேலுக்கு மதக்கல்வி கொடுத்தவர்களில் பலர் கொச்சி யூத ஆசிரியர்கள். அப்புறம் கிறிஸ்தவப் பாதிரிமார்களும் எபிரேயம் சொல்லிக்கொடுத்தார்கள். வில்சன் கல்லூரிக்குப் பெயர் தந்த ஜான் வில்சன் அவர்களில் ஒருவர். மதம் மாற்றலாம் என்று வந்தவர்கள் கற்றுக்கொடுத்த எபிரேயத்தையும் ஆங்கிலத்தையும் வைத்து இவர்கள் இன்னும் உறுதியான யூதர்களாக ஆனதுதான் வேடிக்கை.

அந்தக் கல்வியில் விளைந்தவர்கள் இருவர். ஜோசப் எசக்கியேல் ராஜ்பூர்கர் (1834–1905) பள்ளித் தலைமை ஆசிரியர். எபிரேய வழிபாட்டு நூல்களை வரிசையாக மராத்தியில் கொண்டுவந்தவர். இவர் இல்லாவிட்டால் சாதாரண பெனே இஸ்ரேல் குடும்பம் தான் சொல்லும் ஜெபத்தின் பொருள் தெரியாமலே சொல்லிக்கொண்டிருந்திருக்கும். இன்னொருவர் ஹாயீம் சாமுவேல் கேஹிம்கர் (1830–1909). 1875-இல் சமூகப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். பிற்காலத்தில் மசகாவில் எலி கடூரி பள்ளி என்ற பெயரில் நடந்தது அதுதான். தன் மக்களின் வரலாற்றை 1897-இல் எழுதி முடித்தார். அச்சில் வந்தது 1937-இல், டெல் அவிவில். ஆசிரியர் போய் 28 வருடம் ஆகியிருந்தது. இன்றைக்கும் பெனே இஸ்ரேல் பற்றி யார் எழுதினாலும் அவரைத் தொடாமல் நகர முடியாது.

சரி, சசூன்களுக்கு வருவோம். டேவிட் சசூன் 1792-இல் பாக்தாதில் பிறந்தவர். அப்பா அந்த ஊர் ஆளுநர்களான பாஷாக்களுக்குப் பொக்கிஷதாரர். தாவூத் பாஷா காலத்தில் நெருக்கடி முற்றி, குடும்பம் பாரசீக வளைகுடாவின் புஷேருக்குத் தப்பி ஓடியது. 1830-களின் தொடக்கத்தில் பம்பாய் வந்து சேர்ந்தார். எட்டு மகன்கள். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு மகனை அனுப்பிவைத்தார்: ஷாங்காய், ஹாங்காங், பிறகு லண்டன். அந்தக் காலத்தில் கடிதம் போய்ச் சேரவே வாரக்கணக்காகும். சொந்தப் பிள்ளை எதிர்முனையில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய மூலதனம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் பூசி மெழுகக் கூடாத ஒன்று உண்டு. அந்தச் செல்வத்தின் பெரும்பகுதி அபின். மத்திய இந்தியாவின் மால்வாவில் விளைந்தது பம்பாய் வழியாகச் சீனாவுக்குப் போனது. 1842-இல் நான்கிங் ஒப்பந்தத்தால் சீனத் துறைமுகங்கள் திறந்ததும் வியாபாரம் பெருகியது. விளைகிற இடத்திலேயே முன்பணம் கொடுத்துச் சரக்கைப் பிடித்ததில் சசூன்கள் மற்றவர்களை முந்தினார்கள். அவர்கள் மட்டும் செய்த தொழில் அல்ல. பார்சி, மார்வாடி, ஆங்கிலேய முதலாளிகள் எல்லோரும் அதில் இருந்தார்கள், ஆங்கில அரசின் கஜானாவும் அதில்தான் நிறைந்தது. அப்புறம் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் பருத்தி வந்து கூடுதலாகக் கொட்டிக் கொடுத்தது. மருத்துவமனை, நூலகம், ஆலயம் என்று அவர்கள் கட்டியதைப் பாராட்டும்போது பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

மனிதர் எப்படிப்பட்டவர்? 1853-இல் பிரிட்டிஷ் பிரஜையானபோது கையெழுத்தை எபிரேயத்தில் போட்டார். அவருக்கு ஆங்கிலம் எழுதத் தெரியாது. கடைசிவரை பாக்தாத் உடை, தலைப்பாகை. காலா கோடா பகுதியில் உள்ள நூலகத்தில் இருக்கும் பளிங்குச் சிலையிலும் அதே கோலம்தான். பைகுல்லாவின் மகேன் டேவிட் ஆலயம் அவர் கட்டியது. பக்கத்தில் அவர் வாழ்ந்த மாளிகைதான் இன்றைய மசீனா மருத்துவமனை. 1864-இல் புனேயில் இறந்தார்.

இப்போது அந்தக் கசப்பான விஷயம். 1836-இல் டேவிட் சசூனும் வேறு சில பாக்தாதிகளும் அரசுக்கு ஒரு மனு கொடுத்தார்கள்: யூதக் கல்லறைத் தோட்டத்தில் எங்கள் பகுதிக்கும் பெனே இஸ்ரேல் பகுதிக்கும் நடுவே சுவர் வேண்டும் என்று. வந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. நூற்றாண்டுக் கணக்காக இந்தக் கரையில் இருந்தவர்கள் 'சுத்தமான' யூதர்கள் இல்லை என்ற எண்ணம். கூட்டு ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் தேவை. அந்தக் கணக்கில்கூடப் பெனே இஸ்ரேல் ஆளைச் சேர்க்க மறுத்த பாக்தாதி ஆலயங்கள் இருந்தன. நம் ஊர்ப் பந்தி வரிசைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. பெனே இஸ்ரேலுக்குள்ளேயே 'கோரா', 'காலா', அதாவது வெள்ளை, கறுப்பு என்ற பிரிவும் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரும் முழுக்கத் தப்பவில்லை.

அடுத்த தலைமுறை சசூன்களை வேகமாகக் கடக்கலாம். மூத்த மகன் ஆல்பர்ட் 1875-இல் சசூன் டாக் கட்டினார். வேல்ஸ் இளவரசர் வந்துபோனதன் நினைவாக 1879-இல் ஒரு குதிரைச் சிலை வைத்தார். அந்தக் கறுப்புக் குதிரைதான் காலா கோடா என்ற பகுதிப் பெயர். சிலையை 1965-இல் பைகுல்லாவுக்குத் தூக்கிப்போன பிறகும் பெயர் போகவில்லை. கடைசியில் 2017-இல் ஆள் இல்லாத வெறும் குதிரை ஒன்றை அங்கே நிறுத்தினார்கள். இன்னொரு மகன் எலியாஸ் 1867-இல் தனிக் கம்பெனி தொடங்கிப் பிரிந்தார். அவர் மகன் ஜேக்கப் ஆலை முதலாளி. கோட்டைப் பகுதியின் கெனெசெத் எலியாஹூ ஆலயத்தை 1884-இல் அப்பா பெயரில் கட்டியவர், ராயல் அறிவியல் கல்லூரிக்குப் பெரும்பணம் கொடுத்தவர். அதே கிளையில் வந்த விக்டர் சசூன் முதலீட்டைப் பம்பாயிலிருந்து ஷாங்காய்க்கு மாற்றினார். பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் அங்கே இருந்ததும் போனது.

அந்தக் குடும்பத்தில் என்னை அதிகம் ஈர்ப்பவர் ஓர் ஆண் அல்ல, ஃப்ளோரா சசூன் (1859–1936). டேவிட் சசூனின் கொள்ளுப்பேத்தி. டேவிட்டின் மகன்களில் ஒருவரான சாலமனையே மணந்தார். 1894-இல் கணவர் இறந்ததும் பம்பாய் கம்பெனியின் நிர்வாகத்தைத் தானே எடுத்துக்கொண்டார். அப்போது வயது 35, கையில் குழந்தைகள். 19-ஆம் நூற்றாண்டில் ஒரு பெண் அந்த அளவு சர்வதேச வியாபாரத்தை நடத்துவது லண்டனிலேயே கேள்விப்படாத ஒன்று. எபிரேயம், அரமேயம், அரபு, இந்துஸ்தானி என்று பல மொழிகள் தெரியும். 1901-இல் லண்டனுக்குப் போனார். 1924-இல் அங்கே ரபிகளை, அதாவது யூத மதகுருக்களை உருவாக்கும் கல்லூரியின் விழாவுக்குத் தலைமை தாங்கி, மறைநூல் மேற்கோள்களோடு உரையாற்றினார்.

ஃப்ளோராவைச் சொன்னால் வால்டெமார் ஹாஃப்கினையும் சொல்ல வேண்டும். அவர் பம்பாய்க்காரர் இல்லை. 1860-இல் ஒடெசாவில் பிறந்து, பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்த யூத விஞ்ஞானி. முதலில் காலரா தடுப்பூசியோடு இந்தியா வந்தார். 1896-இல் பம்பாயில் பிளேக் பரவி, ஜனங்கள் ஊரைக் காலி செய்து ஓடிக்கொண்டிருந்தபோது அரசு அவரை அங்கே அழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் கொடுத்த சிறிய இடத்தில் சில மாதங்களுக்குள் பிளேக் தடுப்பூசியைத் தயாரித்தார். 1897 ஜனவரி 10 அன்று முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். அடுத்து பைகுல்லா சிறைக் கைதிகளில் முன்வந்தவர்களுக்கு. அரசின் கெடுபிடிச் சோதனைகளால் ஜனங்கள் ஊசி என்றாலே அரண்டு போயிருந்த நேரம். ஹாஃப்கினுக்கு வெளிப்படையாக ஆதரவு கொடுத்த பிரமுகர்களில் ஃப்ளோராவும் இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர் ஆகா கானும் உண்டு.

அந்த மனிதருக்கு நடந்த அநியாயத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1902-இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 19 பேர் தனுர்வாதத்தில் (டெட்டனஸ்) இறந்தார்கள். பழி முழுவதும் ஹாஃப்கின் ஆய்வகத்தின் மேல் விழுந்து, அவர் பதவியிலிருந்து ஓரங்கட்டப்பட்டார். கிராமத்தில் பாட்டிலைத் திறந்த இடத்தில்தான் தொற்று நுழைந்தது என்று வாதாடி, ரொனால்ட் ராஸ் உட்பட விஞ்ஞானிகள் குரல் கொடுத்த பிறகு 1907-இல்தான் களங்கம் நீங்கியது. பரேலில் அவர் ஆய்வகம் நடந்த இடத்துக்கு 1925-இல் ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயர் வைத்தார்கள்.

20-ஆம் நூற்றாண்டு பெனே இஸ்ரேலின் நூற்றாண்டு. பெரிய கட்டடம் கட்டும் வசதி இல்லாதவர்கள் படிப்பைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார்கள். இதில் முதல் இடத்தை நான் ஜெருஷா ஜிராட் என்ற மருத்துவருக்குக் கொடுப்பேன். 1890-இல் சிவமொக்காவில் பிறந்தார், பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் படித்தார். லண்டனில் மேற்படிப்புக்கு இந்திய அரசின் உதவித்தொகை பெற்ற முதல் பெண் அவர். முதல் உலகப்போர்க் காலத்தில் அங்கே படித்து, 1919-இல் மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. பெற்றார். 1928 முதல் 1947 வரை பம்பாய் காமா மருத்துவமனை அவர் பொறுப்பில் இருந்தது. பிரசவத்தில் பெண்கள் இறப்பது விதி என்று விட்டுவிட்டிருந்த காலத்தில், எந்தக் காரணத்தால் இறக்கிறார்கள் என்று கணக்கெடுத்துப் பார்த்தவர். 1966-இல் பத்மஸ்ரீ.

அவருக்கு இன்னொரு முகமும் உண்டு. சமூகப் பெண்களுக்காக 1913-இல் ஸ்த்ரீ மண்டல் தொடங்கியவர்களில் ஒருவர். லண்டனில் சீர்திருத்த யூத வழிபாட்டைப் பார்த்துவிட்டு வந்து, 1925-இல் பம்பாயில் அப்படி ஒரு சபையைத் தொடங்கி வைத்தார். மாடத்தில் தனியாக உட்கார வைக்கப்பட்டிருந்த பெண்களுக்கு வழிபாட்டில் சரிசமமான இடம் வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. மற்ற பெயர்களைவிட இந்தப் பெயர் வெளியே குறைவாகத் தெரிவதில் எனக்கு வருத்தம் உண்டு.

பொதுவாழ்வில் டாக்டர் இ. மோசஸ் 1937–38-இல் பம்பாய் மேயராக இருந்தார். மகாலட்சுமி, வொர்லி பக்கம் போகிறவர்கள் டாக்டர் இ. மோசஸ் சாலையில் போயிருப்பார்கள், யார் என்று தெரியாமலே. 1916-இல் திலகர் மேல் வந்த வழக்கில் ஜின்னாவோடு சேர்ந்து திலகருக்காக நின்ற வழக்கறிஞர்களில் டேவிட் எருல்கர் ஒருவர். அந்தக் குடும்பத்தில் ஆபிரகாம் எருல்கர் பேர்பெற்ற மருத்துவர். அவருடைய மகள் லைலா மணந்த கிளாஃப்கோஸ் கிளெரிடிஸ் பிற்காலத்தில் சைப்ரஸ் ஜனாதிபதியானார்.

சினிமா தனி அத்தியாயம். நல்ல குடும்பத்துப் பெண்கள் கேமரா முன்னால் நிற்கக் கூடாது என்றிருந்த மௌனப்பட நாட்களில், அந்த இடத்தை நிரப்பியவர்களில் யூதப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் அதிகம். ரூபி மேயர்ஸ் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். 'சுலோச்சனா' என்ற பெயரில் நடிக்க வந்து, பம்பாய் கவர்னரைவிட அதிகம் சம்பாதிக்கிறார் என்று ஊர் பேசும் அளவுக்கு உயர்ந்தார். பேசும் படம் வந்ததும் இந்துஸ்தானி சரளமாக வராமல் தடுமாறினார். ஒரு வருடம் ஒதுங்கி, மொழி கற்றுக்கொண்டு திரும்பி வந்தார். 1973-க்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்குக் கிடைத்தது. முதல் இந்தியப் பேசும் படமான 'ஆலம் ஆரா'வுக்கு (1931) எழுதியவர் ஜோசப் டேவிட், பெனே இஸ்ரேல் நாடகாசிரியர். அதைத் தயாரித்த இம்பீரியல் கம்பெனிதான் அதே வருடம் தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' படத்தையும் எடுத்தது. பிறகு வில்லத்தனமான அழகில் பெயர் வாங்கிய நாதிரா, இயற்பெயர் ஃப்ளோரன்ஸ் எசக்கியேல், பாக்தாதி. குள்ள உருவமும் வழுக்கைத் தலையும் கனிந்த சிரிப்புமாக எத்தனையோ இந்திப் படங்களில் வந்த டேவிட், முழுப்பெயர் டேவிட் ஆபிரகாம் சேவுல்கர், பெனே இஸ்ரேல்.

கவிதைக்கு நிசிம் எசக்கியேல் (1924–2004). இந்திய ஆங்கிலக் கவிதையை அந்தக்கால அலங்கார நடையிலிருந்து வெளியே இழுத்தவர். தேள் கடித்த தாயைப் பற்றிய அவருடைய கவிதையைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் ஏராளம். லண்டனில் சில வருடம் தவித்துவிட்டு, டிக்கெட்டுக்குக் காசில்லாமல் சரக்குக் கப்பலில் தளம் கழுவி ஊர் திரும்பினார். அதன்பின் பம்பாயை விட்டு அவர் குடிபெயரவில்லை. வித்து ஆட்டிப் பிழைத்த முன்னோர்களைத் தன் கவிதையில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1983-இல் சாகித்ய அகாதமி விருது, 1988-இல் பத்மஸ்ரீ. இளம் கவிஞர்களின் கையெழுத்துப் பிரதியைப் பொறுமையாக உட்கார்ந்து திருத்திக்கொடுத்ததில் அவர் செய்த சேவை விருதுகளில் சேராது.

நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒருவரும் உண்டு. ரியர் அட்மிரல் பெஞ்சமின் ஆபிரகாம் சாம்சன், 1960-களில் இந்தியக் கப்பற்படைத் தொகுதிக்குத் தலைமை வகித்த பெனே இஸ்ரேல் அதிகாரி. குடும்பம் புனே என்றாலும், பிற்காலத்தில் மும்பையின் மசகாவ் டாக் என்ற கப்பல் கட்டும் தளத்தை நிர்வகித்தார். ஐ.என்.எஸ். நீலகிரி போர்க்கப்பல் உருவானது அங்கேதான். அவருடைய மகள் லீலா சாம்சன், பரதக் கலைஞர், 2005 முதல் 2012 வரை சென்னை கலாக்ஷேத்ராவின் இயக்குநர்.

1948-க்குப் பிறகு பெரும்பாலான குடும்பங்கள் இஸ்ரேலுக்குப் போய்விட்டன. அங்கேயும் இவர்கள் உண்மையான யூதர்கள்தானா என்று 1960-களின் தொடக்கத்தில் சில ரபிகள் திருமண விஷயத்தில் கேள்வி கேட்டார்கள். போராட்டம் நடத்தி, 1964-இல் அரசே எல்லா வகையிலும் சமமான யூதர்கள் என்று அறிவிக்க வைத்தார்கள். பம்பாயில் பாக்தாதிகளிடம் பட்டது போதாதென்று அங்கேயும் ஒரு சுற்று. இந்தியாவில் இன்று மிஞ்சியிருப்பது சில ஆயிரம் பேர், பெரும்பாலும் மும்பையிலும் தானேயிலும். மகாராஷ்டிர அரசு 2016-இல் அவர்களுக்குச் சிறுபான்மை அந்தஸ்து கொடுத்தது.

நேரில் பார்க்க விரும்பினால் கெனெசெத் எலியாஹூ சுலபம். 2019-இல் புதுப்பித்து, பழைய நீலத்தை எடுத்துவிட்டு வெள்ளையடித்திருக்கிறார்கள். பைகுல்லாவின் மகேன் டேவிட் இன்னும் நீலம்தான். அதன் வளாகத்துப் பள்ளியில் இப்போது படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பிள்ளைகள். 2008 பயங்கரவாதத் தாக்குதலில் நரிமன் ஹவுஸ் என்ற யூத மையம் குறிவைக்கப்பட்ட பிறகு எல்லா ஆலயங்களிலும் காவல் கடுமை. அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். சாமுவேல் தெரு ஆலயத்துக்கு மஸ்ஜித் நிலையத்தில் இறங்கிச் சந்தை நெரிசலில் நடந்துதான் போக வேண்டும்.